எஞ்சினைப் பிரிக்க முன் அந்தச் சின்ன வட்ட மூடியைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிள் ஒன்று ஐடிலில், அதாவது அக்சிலேற்றரை முறுக்காமல் எஞ்சின் மெல்ல ஓடும் நிலையில், நின்றபடி "கிலுகிலு" என்று சத்தம் போட்டால் நம்முடைய கராச்சுகளில் வரும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். "கேம் செயின் போட்டுது" என்பது ஒன்று. "கிராங் போட்டுது, எஞ்சினை இறக்கத்தான் வேணும்" என்பது மற்றது. இரண்டும் சரியாக இருக்கக் கூடும். ஆனால் அந்த முடிவுக்கு வர முன், இரண்டு திருகாணியில் நிற்கும் ஒரு வட்ட மூடியைக் கழற்றி உள்ளே கைவைத்துப் பார்க்க அரை மணித்தியாலம் போதும். தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பொயின்றுக்குப் பின்னால், வேகத்துக்கு ஏற்பத் தீப்பொறியை முந்த வைக்கும் அட்வான்ஸ் பொறி இருக்கிறது. அதன் தேய்மானம் தரும் சத்தத்தை எஞ்சின் சத்தம் என்று நினைத்து, நல்ல நிலையில் இருக்கும் பிஸ்ரனையும் கிராங்கையும் மாற்றிவிடுகிறார்கள். மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. புதிய வண்டியின் விலை இப்போதும் பலருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் பழைய சி90, சிபி125எஸ், சிடி125 எல்லாம் இன்னும் வீதியில் ஓடுகின்றன, ஓடத்தான் போகின்றன. இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்காகவும், திருத்தும் இளம் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "வக்யூம் அட்வான்ஸ் குழாய் எங்கே" என்று காபரேற்றரைச் சுற்றித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினின் உறிஞ்சலால் தீப்பொறியை முந்த வைக்கும் இந்த வக்யூம் அட்வான்ஸ் மோட்டார் சைக்கிள்களில் மிக அரிது. ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1100 (1980 முதல் 1983 வரை வந்தது), யமஹா எக்ஸ்எஸ்1100 போன்ற பெரிய வண்டிகள் சிலவற்றில்தான் அது இருந்தது. நம் ஊரில் அதைப் பார்க்க வேண்டுமானால் மொரிஸ் மைனரின் டிஸ்ரிபியூட்டரைத் திறக்க வேண்டும். சிறிய ஹோண்டாக்களின் காபரேற்றரில் தொங்கும் மெல்லிய குழாய் மேலதிகப் பெற்றோல் வழிந்தோடவோ காற்றுப் போகவோ இருப்பது. தீப்பொறி வரும் நேரமான ரைமிங்குக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நம்முடைய வண்டிகளில் இருப்பது சுழல்வேகத்தால் வேலை செய்யும் பொறி. ஒரு தட்டு, அதில் இரண்டு ஊசிகள், ஊசிகளில் ஆடும் இரண்டு வெயிற் கட்டைகள், அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் இரண்டு ஸ்பிறிங், நடுவே தண்டின் மேல் திரும்பக்கூடிய பொயின்ற் கேம். வேகம் கூடும்போது கட்டைகள் வெளியே விரிந்து கேமைச் சற்றே முன்னுக்குத் திருப்பும், தீப்பொறி முந்தி வரும். சி90, எஸ்90, சிபி100, சிபி125எஸ் போன்றவற்றில் இது சிலிண்டர் தலையின் பக்கத்தில், கேம் தண்டின் முனையில் இருக்கிறது. றோயல் என்ஃபீல்ட் புல்லட்டில் சிலிண்டருக்குப் பின்னால் தனிப் பெட்டிக்குள் இருக்கிறது. பொயின்ற் இல்லாத மின்னணு முறையான சி.டி.ஐ. வந்த வண்டிகளில் இந்த வேலையை மின்சுற்று பார்த்துக்கொள்வதால் அங்கே கட்டைச் சத்தத்தைத் தேடிப் பயனில்லை. மக்னெற் சில்லுக்குள் பொயின்ற் உள்ள பழைய ரூ-ஸ்ட்ரோக்குகள் பலவற்றுக்கு ரைமிங் நிலையானது, அட்வான்ஸ் என்ற ஒன்றே இல்லை.

பெற்றோல் எரிந்து முடிய எடுக்கும் நேரம், எஞ்சினின் வேகம் கூடும் அளவுக்குக் குறைவதில்லை. நிமிடத்துக்கு 1,200 சுற்றில் கிராங் ஒரு மில்லிசெக்கனில் 7.2 பாகை திரும்பும். 6,000 சுற்றில் அதே நேரத்தில் 36 பாகை திரும்பிவிடும். ஆகவே தீப்பொறி முந்தி வரத்தான் வேண்டும். இன்னொரு கணக்கையும் நினைவில் வைத்திருங்கள்: கேம் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், பொயின்ற் கேமில் 1 பாகை என்பது கிராங்கில் 2 பாகை. கட்டையின் துளையில் கண்ணுக்குத் தெரிகிற சின்னத் தேய்மானம் ரைமிங்கில் இரட்டிப்பாகித் தெரிவது இதனால்தான்.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது? கேம் தண்டு ஒரே சீராகச் சுழல்வதில்லை. வால்வைத் திறக்கும்போது வால்வு ஸ்பிறிங் அதை எதிர்த்துத் தள்ளும், மூடும்போது அதே ஸ்பிறிங் முன்னுக்குத் தள்ளும். ஒற்றைச் சிலிண்டரில் வெடிப்பின் உந்தலும் விட்டு விட்டு வருகிறது. தண்டு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தயங்கிக் கொஞ்சம் பாய்கிறது. கட்டைகள் தம் பாரத்தால் அந்த மாற்றத்துக்கு உடனே இணங்காமல் பின்தங்கி, பிறகு வந்து மோதப் பார்க்கும். ஊசி இறுக்கமாகவும் ஸ்பிறிங்கில் இழுவிசையும் இருந்தால் அவை அசையமாட்டா. ஸ்பிறிங் நீண்டு தொய்ந்து, துளை முட்டை வடிவமாகிவிட்டால் சுற்றுக்கு ஒரு தடவையாவது கட்டை உள்தடுப்பில் போய் அடிக்கும். 1,200 சுற்று ஐடிலில் கேம் தண்டு செக்கனுக்கு 10 தடவை சுழல்கிறது. அதனால்தான் தனித்தனித் தட்டலாகக் கேட்காமல் தொடர் கிலுகிலுப்பாகக் கேட்கிறது. வேகத்தைக் கூட்டினால் சுழல்விசை கட்டைகளை வெளித்தடுப்போடு அழுத்திப் பிடித்துவிடும், சத்தம் நின்றுவிடும். அக்சிலேற்றரை விட்டதும், வேகம் இறங்கி வரும் வழியில், ஒரு கணம் மீண்டும் கிலுகிலுக்கும். இந்த இறங்குவழிச் சத்தம்தான் நல்ல அடையாளம்.

ஆனாலும் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். கேம் செயின் தொய்ந்திருந்தாலும் ஐடிலில் சத்தம் வந்து வேகத்தில் குறையக் கூடும். வித்தியாசம் இடத்திலும் தன்மையிலும் இருக்கிறது. நீளமான ஸ்குறூ ட்றைவரின் முனையைச் சிலிண்டர் தலையில் பொயின்ற் மூடிக்குப் பக்கத்தில் ஊன்றி, பிடியைக் காதுப் பக்க எலும்பில் வைத்துக் கேளுங்கள். பிறகு செயின் ஓடும் பக்கச் சுவரில், பிறகு வால்வு மூடியில், கடைசியாகக் கிராங் பெட்டியில். அட்வான்ஸ் சத்தம் வட்ட மூடியருகே கூர்மையாகவும் இலேசாகவும் இருக்கும், ஒரு சாண் தள்ளினால் மங்கிவிடும். செயின் சத்தம் சிலிண்டரின் உயரம் முழுக்க உரசலோடு கேட்கும். வால்வைத் தள்ளும் ரப்பெற்றின் சத்தம் "டிக் டிக்" என்று ஒழுங்காக வரும், எந்த வேகத்திலும் தொடரும். சிறிய ஹோண்டாக்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் குளிர்ந்த நிலையில் ரப்பெற் இடைவெளி 0.05 மில்லிமீற்றர், இதை முதலில் சரிபார்ப்பது நல்லது. கனெக்ரிங் றொட் பெரிய முனை தேய்ந்தால் வருவது ஆழமான "தும் தும்", அதுவும் பாரத்தில் இழுக்கும்போது கூடும். கை கிளச் உள்ள வண்டியென்றால் லீவரை அழுத்திப் பாருங்கள், சத்தம் மாறினால் கிளச் கூடையைச் சந்தேகியுங்கள். சைலன்சர் குழாய் தலையோடு சேரும் இடத்துக் கஸ்கற் கசிந்தாலும் ரப்பெற் போலவே டிக்கென்று கேட்கும். அங்கே கரி படிந்த கறுப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

கேம் செயினை இறுக்கும்போது ஒரு கவனம். திருகி இறுக்கும் வகை என்று நினைத்துச் சிலர் அட்ஜஸ்ரரை உள்ளே முறுக்குகிறார்கள். பல பழைய ஹோண்டாக்களில் பூட்டு நட்டைத் தளர்த்தியதும் உள்ளிருக்கும் ஸ்பிறிங் தானே தள்ளிக்கொள்ளும், பிறகு பூட்டினால் போதும். அழுத்தி முறுக்கினால் செயின் வழிகாட்டி தேயும்.

இனி மூடியைத் திறப்போம். அந்தத் திருகாணிகள் ஜப்பானிய ஜே.ஐ.எஸ். தலை உள்ளவை. சாதாரண பிலிப்ஸ் ட்றைவர் அவற்றில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைக் கெடுத்துவிடும். இறுகியிருந்தால் அடித்துத் திருப்பும் ட்றைவரைப் பயன்படுத்துங்கள். மூடிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் தண்டின் எண்ணெய் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் மற்ற வேலை எதைச் செய்தாலும் நிலைக்காது. வெள்ளைப் படிவும் துருவும் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. காய்ந்தால் பூச்சு விட்டுத்தான் போகும். சேர்விஸ் நிலையத்தில் அழுத்தக் குழாயை இந்த மூடிக்கு நேரே பிடிப்பதும், மூடியின் ரப்பர் கஸ்கற்றைத் தொலைத்துவிட்டு வெறும் மூடியைப் பூட்டுவதும் பாதி நோய்க்குக் காரணம். காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் ஓடும் வண்டிகளுக்குக் கடற்காற்றின் உப்பு வேறு.

எஞ்சின் நிற்கும் நிலையில் நடுவில் இருக்கும் பொயின்ற் கேமை இரண்டு விரலால் பிடித்து, அது திரும்பும் திசைக்குக் கடைசிவரை திருப்பி விடுங்கள். "டக்" என்று தானே முழுதாகத் திரும்பி வரவேண்டும். மெதுவாக வந்தால் உள்ளே கிறீஸ் காய்ந்திருக்கிறது. பாதியில் நின்றால் கேம் தண்டோடு ஒட்டத் தொடங்கிவிட்டது. திரும்பி வந்த பிறகும் ஸ்பிறிங் பிடிக்காமல் கொஞ்சம் இலேசாக ஆடினால் ஸ்பிறிங் தொய்ந்துவிட்டது. பிறகு கேமைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அங்கே தெரியும் அசைவு பொயின்ற் இடைவெளியைச் சுற்றுக்குச் சுற்று மாற்றும். நடு போல்ற் தளர்ந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். சத்தத்துக்கு வெறும் தளர்ந்த போல்ற் மட்டும் காரணமாக இருப்பதும் உண்டு. அது 6 மில்லிமீற்றர் போல்ற், 10 நியூட்டன் மீற்றர் அளவு இறுக்கம் போதும். நெம்பி இறுக்கினால் தண்டுக்குள் முறியும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. பொயின்ற் தட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று தட்டிலும் பெட்டியிலும் சேர்த்து ஊசியால் ஒரு கோடு கீறிவிட்டுத் தட்டைக் கழற்றுங்கள். இரண்டு கட்டைகளையும் மூடிய நிலையில் சேர்த்து மெல்லிய கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி, முறுக்கு முனையை உட்புறம் மடித்துவிடுங்கள். தட்டைக் கோட்டுக்கு நேரே திரும்பப் பூட்டி, கம்பி எங்கும் உரசாமல் கிக்கரால் இரண்டு தரம் மெல்லச் சுழற்றிப் பார்த்த பிறகு எஞ்சினை எடுத்து ஐடிலில் மட்டும் விடுங்கள். சத்தம் மறைந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மறையாவிட்டால் செயினுக்கோ வால்வுக்கோ போங்கள். கம்பி கட்டிய நிலையில் அக்சிலேற்றரை முறுக்கக் கூடாது, அதோடு ஓடவும் கூடாது.

பொறியைக் கழற்றும்போது கேம் அதன் தட்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அடையாளம் வையுங்கள். பலவற்றில் தொழிற்சாலைக் குத்துப்புள்ளி இருக்கும். அழுக்கைத் துடைத்தால்தான் தெரியும். ஒற்றை மேடுள்ள கேமை 180 பாகை மாற்றிப் பூட்டினால் தீப்பொறி தவறான ஸ்ட்ரோக்கில் வரும். எஞ்சின் எடுக்காது, எடுப்பதுபோல் காட்டினாலும் சைலன்சரால் வெடிக்கும். இந்தப் பிழையால் காபரேற்றரையும் கொயிலையும் மாற்றித் திரிந்தவர்கள் உண்டு. இரட்டைச் சிலிண்டர் வண்டியில் ஒரே பொயின்றுக்கு எதிரெதிராக இரண்டு மேடு இருந்தால் இந்தப் பயம் இல்லை.

கழற்றியதைப் பெற்றோலில் பழைய பல்துலக்கியால் கழுவிக் காயவிடுங்கள். தண்டிலும் கேமின் உட்துளையிலும் துரு இருந்தால் 1,000 இலக்க நீர்த்தாளால் எண்ணெய் விட்டு மெல்லத் துடைக்கலாம், சுரண்டக் கூடாது. கட்டைகளை ஊசியில் ஆட்டிப் பாருங்கள். துளை தேய்ந்திருந்தால் கண்ணால் பார்க்கவே நீளவட்டமாகத் தெரியும். நல்ல லேத் கடையில் துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் போட்டுத் தருவார்கள். ஊசி தேய்ந்திருந்தால் புதிய ஊசி கடைந்து பொருத்தலாம். இரண்டு கட்டைக்கும் ஒரே அளவில் செய்ய வேண்டும், பாரமும் சமமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் புஷ் போட்டு மற்றதை விட்டால் ஒன்று முந்தி விரியும், கேம் சாய்ந்து தேயும்.

ஸ்பிறிங்கில்தான் அதிக விளையாட்டு நடக்கிறது. தொய்ந்த ஸ்பிறிங்கின் ஒரு வளையத்தை வெட்டி, கொக்கியை வளைத்து மாட்டிவிடுகிறார்கள். சத்தம் நிற்கும், உரிமையாளர் மகிழ்ச்சியாகப் போவார். ஆனால் வளையம் குறைந்தால் ஸ்பிறிங் கடினமாகும். அட்வான்ஸ் பிந்தி வரும், முழுதாகவும் வராது. வண்டி இழுவையை இழக்கும், எஞ்சின் சூடாகும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். மறுபக்கம், எங்கிருந்தோ எடுத்த மெலிந்த ஸ்பிறிங்கைப் போட்டால் ஐடிலிலேயே அட்வான்ஸ் தொடங்கிவிடும். ஐடில் கூடிப்போய் இறங்காது, திருகாணியைக் குறைத்தால் நின்றுவிடும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். சில பொறிகளில் இரண்டு ஸ்பிறிங்கும் வேண்டுமென்றே வெவ்வேறு கனத்தில் இருக்கும். கனமானதன் கொக்கி நீண்டு, ஓய்வு நிலையில் தளர்வாகவும் நிற்கும். லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர்களில் இப்படித்தான். அதைத் தொய்ந்தது என்று நினைத்து இரண்டையும் ஒரே மாதிரி மாற்றிவிடாதீர்கள். அந்த மொடலுக்கு உரிய ஸ்பிறிங் கிடைக்காவிட்டால், அதே மொடலின் பழைய பொறி ஒன்றிலிருந்து சோடியாக எடுப்பது வெட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

சில பொறிகளில் கட்டை மோதும் இடத்தில் சிறு ரப்பர் அல்லது நைலோன் தடுப்பு இருக்கும். அது உதிர்ந்துபோய் இரும்பு இரும்போடு அடிப்பதால் சத்தம் வரலாம். பதிலுக்கு எதையாவது ஒட்டும்போது அதன் தடிப்பைக் கவனியுங்கள். வெளித்தடுப்பில் தடிப்புக் கூடினால் முழு அட்வான்ஸ் குறையும், முன்பு சொன்ன இரண்டு மடங்குக் கணக்கில்.

எண்ணெய் விடயத்தில் கஞ்சத்தனம் நல்லது. ஊசிகளுக்கு ஒவ்வொரு துளி எஞ்சின் ஒயில். கேமுக்கும் தண்டுக்கும் இடையே சூடு தாங்கும் கிறீஸ் மெல்லிய பூச்சாக. பொயின்றின் குதி (கேமைத் தொட்டு நிற்கும் அதன் முனை) உரசும் கேம் மேட்டில் தீக்குச்சி முனையளவு கிறீஸ். குதி காய்ந்தால் "கீச் கீச்" என்று தனியான ஒரு சத்தம் வரும். அதையும் எஞ்சின் பியறிங் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். கேமுக்கு எண்ணெய் ஊட்டும் நனைதுணி இருந்தால் அதில் இரண்டு துளி. அதிகம் வைத்தால் சுழற்சியில் தெறித்துப் பொயின்ற் முகத்தில் படியும், கருகும், மிஸ்ஸிங் வரும். தெளிக்கும் எண்ணெய் டப்பா கழுவுவதற்கு நல்லது, அதையே உராய்வுக்கு எண்ணெயாக விட்டால் விரைவில் காய்ந்துவிடும்.

திரும்பப் பூட்டியதும் முதலில் பொயின்ற் இடைவெளி, பிறகுதான் ரைமிங். இந்த வரிசையை மாற்றினால் இடைவெளியைத் தொடும் ஒவ்வொரு தரமும் ரைமிங்கும் மாறும். இடைவெளி கூடினால் தீப்பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். ஹோண்டாவுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர், புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40. கேமின் மேடு குதியை முழுதாகத் தூக்கிய இடத்தில் அளக்க வேண்டும். பொயின்ற் முகத்தை எமறித் தாளால் தேய்க்காமல் பொயின்ற் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, பெற்றோலில் நனைத்த கடதாசியால் துடையுங்கள். ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் இருந்தால் கொண்டென்சரை மாற்றுங்கள்.

ரைமிங்குக்கு மக்னெற் சில்லில் டி (T), எஃப் (F) என்ற குறிகளும், எஃப்பைத் தாண்டி இரண்டு இணைகோடுகளும் இருக்கும். வண்டியின் வோல்ற்றுக்கு ஏற்ற 3 வாற் குமிழ் ஒன்றை எடுங்கள், 6 வோல்ற் வண்டிக்கு 6 வோல்ற் குமிழ். ஒரு வயரைப் பொயின்ற் முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் தொடுத்துச் சாவியைப் போடுங்கள். சில்லை இடப்பக்கத்திலிருந்து பார்த்து மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில், அதாவது எஞ்சின் ஓடும் திசையில், மெல்லத் திருப்புங்கள். எஃப் குறி நிலைக்குறிக்கு நேரே வரும் கணத்தில் குமிழ் எரியத் தொடங்க வேண்டும். தாண்டிவிட்டால் கொஞ்சமாகப் பின்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தாமல், நன்றாகப் பின்னே போய் மீண்டும் முன்னுக்கு வாருங்கள். கேம் செயினின் தளர்வு அப்போதுதான் ஒரே பக்கமாக நிற்கும். பொயின்ற் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் போட்டு வைத்தால் கொயில் சுடும்.

குமிழ் காட்டுவது நின்ற நிலை ரைமிங் மட்டுமே. அட்வான்ஸ் ஒழுங்காக விரிகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னும் ஸ்ரோப் விளக்குத் தேவை. 6 வோல்ற் வண்டிக்கு விளக்கைத் தனியான 12 வோல்ற் பற்றரியில் தொடுங்கள். குறிகளை வெள்ளையால் தொட்டு, நிழலில் வைத்துப் பாருங்கள், நம் வெயிலில் ஒன்றும் தெரியாது. ஐடிலில் எஃப் குறி அசையாமல் நிற்க வேண்டும். வேகம் கூட்டும்போது வழுவழுப்பாக நகர்ந்து இணைகோடுகளுக்கு நடுவே போய் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் அங்கேயே நிற்க வேண்டும். ஐடிலில் குறி துள்ளினால் கட்டையோ தண்டோ தேய்ந்திருக்கிறது. பாய்ந்து போய்ப் பாய்ந்து வந்தால் ஒட்டிப் பிடிக்கிறது. கோடுகளைத் தாண்டிப் போனால் வெளித்தடுப்புத் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் ஓடினால் பிஸ்ரனுக்கு ஆபத்து.

அந்த ஆபத்தின் சத்தம் வேறு. தகரப் பேணிக்குள் போளைகளைப் போட்டுக் குலுக்கியது போல, பாரம் ஏற்றி முறுக்கும்போது மட்டும் வரும். தீப்பொறி அளவுக்கு மீறி முந்துவதால் வரும் தட்டல் இது, எந்த உதிரிப்பாகமும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவதில்லை. மலை இல்லாத ஊர் என்பதால் நம் வண்டிகளில் இது பலகாலம் தெரியாமலே இருக்கும். இரண்டு பேர் ஏறி, சோளகக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகும்போது கடைசிக் கியரில் 30 கிலோமீற்றர் வேகத்தில் முறுக்கிப் பாருங்கள், இருந்தால் கேட்கும். ரைமிங் சரியாக இருந்தும் கேட்டால் பெற்றோலைப் பாருங்கள். 92 ஒக்ரேன் இந்த வண்டிகளுக்குத் தாராளம், ஆனால் மண்ணெண்ணெய் கலந்தால் ஒக்ரேன் இறங்கிவிடும். போரின்போது யாழ்ப்பாணத்துக்கு இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சிறு போத்தல் பெற்றோலில் எஞ்சினை எடுத்து மண்ணெண்ணெயில் ஓடியபோது ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி வைத்தது இந்தத் தட்டலுக்காகத்தான். அந்தக் காலத்து வண்டியை இன்று வாங்குகிறவர்கள், பொயின்ற் தட்டின் துளைகள் அரத்தால் நீட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. நீட்டியிருந்தால் தட்டு எந்த இடத்திலும் பூட்டுப்படும், பழைய கீறலை நம்ப முடியாது. குமிழ் வைத்துப் புதிதாகத்தான் பிடிக்க வேண்டும்.

வக்யூம் அட்வான்ஸ் உள்ள வண்டியோ மொரிஸ் மைனரோ வைத்திருப்பவர்களுக்கும் சில வரிகள். அங்கே ஒரு வட்டப் பெட்டிக்குள் றப்பர்த் தோல் ஒன்று இருக்கும். காபரேற்றரில் பட்டாம்பூச்சிக் கதவின் விளிம்பருகே உள்ள சிறு துளையிலிருந்து குழாய் வரும். கதவு கொஞ்சம் திறந்து இலேசாக ஓடும்போது உறிஞ்சல் கிடைத்துத் தோல் பொயின்ற் தட்டை முன்னுக்கு இழுக்கும். முழுதாக முறுக்கினால் உறிஞ்சல் விழுந்து தட்டுத் திரும்பிவிடும். "ஸ்ஸ்" என்ற சத்தத்தோடு, இலேசாக ஓடும்போது எஞ்சின் தடுமாறினால் குழாய் வெடித்திருக்கும், அல்லது தோல் கிழிந்திருக்கும். சோதிப்பது எளிது. குழாயைக் காபரேற்றர்ப் பக்கத்தில் கழற்றி, துடைத்து, வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும், நாக்கை எடுத்ததும் திரும்ப வேண்டும். நகர்ந்து மெல்ல இறங்கினால் தோலில் ஓட்டை. நாக்கில் பிடிப்பு இருந்தும் தட்டு நகராவிட்டால் தட்டு இறுகியிருக்கிறது. தட்டு மேலும் கீழுமாக ஆடினால் அதுவே கிலுகிலுக்கும், பொயின்ற் இடைவெளியையும் மாற்றும். எக்ஸ்எஸ்1100 வைத்திருக்கும் அபூர்வமானவர்கள் தட்டோடு சேர்ந்து ஆடும் பிக்கப் வயர்களையும் பாருங்கள். மேலுறை நன்றாக இருக்க உள்ளே செம்புக் கம்பி முறிந்துபோவது அந்த வண்டியின் பேர்பெற்ற வியாதி.

கராச் நடத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். எஞ்சினை இறக்கச் சொல்ல முன் உரிமையாளரைப் பக்கத்தில் கூப்பிட்டு, மூடியைக் கழற்றி, கேமைத் திருப்பிக் காட்டுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கையில் கொடுத்துவிடுங்கள். உரிமையாளர்களும் "சத்தம் நிற்க வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை விட்டுப் போகாமல், எந்த வேகத்தில், சூடாகவா குளிராகவா, இழுக்கும்போதா விடும்போதா என்று சொல்லுங்கள்.

வேலை முடிந்த வண்டியை முதல் 500 கிலோமீற்றருக்குப் பிறகு ஒருமுறை திறந்து பாருங்கள். புதிய பொயின்றின் குதி தொடக்கத்தில் விரைவாகத் தேயும், இடைவெளி குறையும், ரைமிங் பிந்தும். அதைத் திரும்பப் பிடித்து, நடு போல்ற்றின் இறுக்கத்தையும் பார்த்து, மூடியை அதன் ரப்பர் கஸ்கற்றோடு பூட்டுங்கள். கஸ்கற் கிடைக்காவிட்டால் எண்ணெய் தாங்கும் ரப்பர்த் தாளில் மூடியை வைத்துக் கீறி வெட்டிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
பழைய மோட்டார் சைக்கிள் திருத்துநர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.